அவன் திரும்பும் பக்கம்

மார்ச் 9

பத்து,

நான்தான் பதினொன்று. மறந்திருந்தால் அடையாளம் சொல்கிறேன். பிரசவ வார்டில் உனக்குப் பக்கத்துக் கட்டில், பதினோராம் நம்பர். சத்தமாகச் சிரித்ததற்காக நர்ஸ் அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். நீ ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ஆனால் என் ஜோக்குக்குப் போர்வைக்குள் உன் கால் கட்டைவிரல் ஆடியதைப் பார்த்தேன், மறைக்காதே.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. "அப்பா வாங்கி வெச்சுட்டார்" என்று நீ சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மாத்திரை உறையின் பின்னால் நீ எழுதித் தந்த முகவரி என் சட்டைப் பையில் இருந்தது. நான் வேலை செய்வது ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில். அங்கே பையில் இருக்கும் எதுவும் பிழைப்பதில்லை, உன் முகவரி பிழைத்தது.

மறுபடி வேலைக்கு வந்துவிட்டேன். பகலில் பிள்ளையை அக்கா பார்த்துக்கொள்கிறாள். என் மகளுக்கு இந்த வீட்டில் பெயர் மூட்டை. மாமாதான் வைத்தார். தூக்கும்போதெல்லாம் "யப்பா, என்ன மூட்டைடா இது" என்பார், அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய அப்பா லாரியில் எங்கோ இருக்கிறார். வந்தால் வருவார்.

இப்போது விஷயம். நேற்று விரிப்பு மடிக்கும்போது பெண்களுக்குள் ஒரு விவாதம். பிள்ளை அழுதால் மனதில் முதலில் வரும் வாக்கியம் எது? ஒருத்தி "ஐயோ, மறுபடியுமா" என்றாள். இன்னொருத்தி "யார் அடிச்சா?" என்றாள், அவள் வீட்டில் அவளைத் தவிர யாருமே கிடையாது. எனக்கு "பசிக்குது போல", அவ்வளவுதான். எனக்கு இதில் பைத்தியம் பிடித்துவிட்டது, பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கிறேன். உனக்கு எது வரும்?

உன் நீதிபதி எப்படி இருக்கிறார்? பிறந்த அன்றே எல்லோரையும் முறைத்தாரே, அவர்தான். வார்டில் இருந்த அத்தனை நாளும் அவர் என் கட்டில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார் என்றால் ரசனையுள்ள ஆள்தான்.

பதினொன்று

மார்ச் 21

பதினொன்றுக்கு,

உன் கடிதத்தை அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். "நல்லா சிரிக்கிற பொண்ணு போல" என்றாள். அது பாராட்டா குற்றச்சாட்டா தெரியவில்லை. இனி பிரிக்காதே என்று கேட்டிருக்கிறேன். சரி என்றாள், ஆச்சரியமாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் அழுதால் எனக்கு வரும் வாக்கியம், "இவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை."

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பாய். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. பால் புட்டி கொடுக்க மடியில் எடுத்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். கன்னத்தைத் தொட்டுத் திருப்பினால் கத்துகிறான். அம்மா எடுத்தால் அவள் முகத்தையே பார்க்கிறான். போன மாதம் பெரியம்மா வந்தபோது அவளை அப்படிப் பார்த்தான். ஏதோ வெகுநாள் பழகியவளைப் பார்ப்பதுபோல. பெரியம்மா அழுதுவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

உன் கடைசி வரிகளைப் படித்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பிறந்த அன்றே அவன் உன் பக்கம்தான் பார்த்தான் என்கிறாய். அப்படியென்றால் நான் ஏதோ செய்து அவனுக்கு என்னைப் பிடிக்காமல் போகவில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அவனை ஐந்து மாதம் வரை யாருக்கும் சொல்லாமல் வயிற்றில் ஒளித்து வைத்திருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்தே கேட்டிருப்பான்.

ஜூன் கடைசியில் பெரியம்மா வந்து அவனை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். அவள் ஊரில், அவள் பிள்ளையாக வளர்வான். நான் மறுபடி பள்ளிக்கூடம் போவேன். பேசி முடித்தாகிவிட்டது. அப்பா தலையாட்டினார், என்னிடம் பேசாமலே. என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். அவனுக்குப் பிடித்தவர்களிடம் அவன் இருப்பதுதானே நியாயம்.

நீ சிரிக்க வைக்கப் பார்க்கிறாய், புரிகிறது. வேண்டாம்.

பத்து

ஏப்ரல் 2

பத்து,

வேண்டாம் என்றால் விட்டுவிடும் ஆள் நான் இல்லை. இருந்தாலும் உன் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. பேருந்தில் வழி முழுக்க உம்மணாமூஞ்சியாக உட்கார்ந்து வந்தேன். மாமா பார்த்துவிட்டு, "என்ன, இன்னைக்கு ரேடியோ ரிப்பேரா?" என்றார்.

பிறகு யோசித்தேன். நான் யோசிப்பது அபூர்வம், குறித்து வைத்துக்கொள். உன் மகன் என் பக்கம் பார்த்தான். அதை வைத்து நான் அழகி என்று முடிவு கட்டினேன். அதே பார்வையை எடுத்து நீ உனக்கு எதிராக வழக்குப் போட்டுவிட்டாய். ஒரே பார்வை, நான் எடுத்தால் மாலை, நீ எடுத்தால் சாட்டை. அவனைக் கேட்டால் "நான் எங்கடி உங்களைப் பார்த்தேன்" என்பான்.

எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன். யாருமே பக்கத்தில் இல்லாதபோது எந்தப் பக்கம் பார்க்கிறான்? தூங்கும்போது? நீ அவனுடைய மறுபக்கம் போய் நின்றால் அப்போதும் திரும்பிக்கொள்கிறானா? அல்லது அவனுக்குப் பிடித்த பக்கம் என்று ஒன்று இருக்கிறதா? மூட்டை கட்டைவிரல் சப்பினால் வலது கைதான், இடது கையைக் கொடுத்தால் துப்பிவிடுவாள். இடது கை அவளுக்கு என்ன துரோகம் செய்தது?

எங்கள் கூடத்தில் விரிப்பில் கறை இருந்தால் புதிதாக வந்த பெண்கள் உடனே "இரத்தம்" என்பார்கள். பாதி நேரம் அது பழச்சாறாக இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அரண்டு போயிருக்கிறாய், பத்து. அதில் தப்பில்லை. பதினேழு வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்தால் யார்தான் அரளமாட்டார்கள். நான் பத்தொன்பதில் நடந்தேன், நானே அரண்டேன்.

எந்தப் பக்கம், அதை மட்டும் எழுது.

பதினொன்று

ஏப்ரல் 14

பதினொன்றுக்கு,

உனக்கு நான் ஒரு புதிர். வேலைக்கு நடுவே பொழுது போகப் போட்டுப் பார்க்கிற விடுகதை. "அரண்டவன்" என்று எழுதியிருந்தாய். இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பழமொழியோடுதான் வருகிறார்கள். ஒரு அத்தை "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, உனக்கு மட்டும் ஏன்டி இப்படி" என்று கேட்டாள். நான் காக்கையைவிடக் கீழே என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

காலையில் எழுந்ததும் ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அடுத்த கணம் எல்லாம் வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பையனிடம் சரி என்று சொன்னது, அவன் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது, அம்மா கடைத்தெருவை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் நடப்பது. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பார்த்து முடித்தால் ஏதாவது புரியும் என்று நினைக்கிறேன். புரிவதில்லை. முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பக்கத்தில் புட்டிப் பால் ஆறிப் போயிருக்கும்.

நான் இந்த வீட்டில் இல்லாவிட்டால் எல்லோருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று குளிக்கும்போது தோன்றியது. அதை உன்னிடம் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

நீ கேட்டாய் என்பதற்காகப் பார்த்தேன். யாரும் இல்லாதபோது அவன் சுவரைப் பார்க்கிறான். அதில் படம் இல்லை, நாட்காட்டி இல்லை, பல்லிகூட இல்லை. வெறும் சுவர். அதைக்கூட அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. என்னைத்தான் முடியவில்லை.

பத்து

ஏப்ரல் 18

பத்து,

சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ள மாட்டேன். சொன்னாய், கேட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் உன் அம்மாவிடம் அதே வார்த்தைகளில் சொல். வெட்கமாக இருந்தால் உன் கடிதத்தில் எழுதியதுபோல எழுதிக் காட்டு. நீ சொன்னதாகப் பதில் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். அவள் போடும் சத்தத்துக்குத் தெருவே கூடும். மிரட்டல்தான்.

நீ எனக்குப் புதிர் இல்லை. கோபம் வந்தது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் சிரிப்பும் கேள்வியும் தவிர வேறு சரக்கு கிடையாது. நீ ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள். நான் எதையுமே திரும்பிப் பார்க்காதவள். ஏதாவது நினைப்பு வந்தால் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவேன். எது மேல் என்று தெரியவில்லை. நீதான் படித்தவள், நீ சொல்.

அந்தச் சுவர் என்னை விடமாட்டேன் என்கிறது. பிடிக்காதவள் பக்கம் திரும்பாமல் இருக்கலாம், வெறும் சுவரை ஏன் பார்க்க வேண்டும்? நாளைக்கு ஒன்று செய். அவனைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வை. சுவர் மறுபக்கம் போய்விடும். அப்போது எங்கே பார்க்கிறான் என்று பார். எனக்காகச் செய். தூக்கம் வரவில்லை.

பதினொன்று

மே 6

பதினொண்ணு,

முதலில், அன்றைக்கு "சொல்லிட்டேன், வராதே" என்று மட்டும் அட்டையில் எழுதிப் போட்டேனே, அது. அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றது. "எப்போலேருந்து?" என்று மட்டும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து என் அறையில் படுக்கிறாள்.

இனி சுவர் கதை. மாற்றிப் படுக்க வைத்தேன். அவன் சுவரைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தான், முன்பெல்லாம் நான் உட்கார்ந்திருந்த பக்கம். அதாவது எப்படிப் போட்டாலும் அவனுடைய இடப்பக்கம்தான் திரும்புகிறான். எனக்கு உடனே ஒரு துள்ளல் வந்தது.  கணக்கில் ஒரு வழி கிடைத்தால் வருமே, அது. பல மாதமாக அது வரவில்லை.

பிறகு நாள் முழுக்க எல்லோர் கையையும் பார்த்தேன். நான் அவனை இடது கையில் ஏந்தி, வலது கையால் புட்டியைப் பிடிப்பேன். அப்படி ஏந்தினால் நான் இருப்பது அவனுக்கு வலப்பக்கம். அம்மாவும் பெரியம்மாவும் இடது கைக்காரர்கள். அக்கா தங்கை இரண்டு பேருமே. சின்ன வயதில் எழுதும்போது அடி வாங்கிய கதையைச் சேர்ந்து சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் வலது கையில் ஏந்துவார்கள். அப்போது அவர்கள் முகம் அவனுக்கு இடப்பக்கம். உன் கட்டிலும் அவனுக்கு இடப்பக்கம்தான் இருந்தது. மன்னிக்கவும், நீ அழகி என்பதற்கு இனி வேறு ஆதாரம் தேடு.

நான் அவனை வலது கைக்கு மாற்றினேன். பழக்கமில்லாததால் புட்டி ஆடியது. அவன் என்னைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

குழந்தைகள் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கத் தசை இறுகியிருக்கிறதாம். வயிற்றுக்குள் நெருக்கிக் கிடந்தால் சில பிள்ளைகளுக்கு வருமாம். பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். அப்பாதான் கூட வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வெயிலுக்கு அவன்மேல் குடையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் தலை வெயிலில் இருந்தது.

இப்போது உனக்குப் பிடித்த இடம் வருகிறது. வெளியே வந்ததும் சந்தோஷமாக இருந்தது. பேருந்து நிறுத்தம் வரைகூட அது தாங்கவில்லை. அதற்குள் மனதில் ஒரு வாக்கியம்: "பிள்ளைக்குக் கழுத்து இறுகியதைக்கூடக் கவனிக்காத நீ ஒரு தாயா?" அங்கேயே நின்றுவிட்டேன். நேற்று வரை அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதனால் நான் லாயக்கில்லை. இன்றைக்கு அவனுக்கு என்மேல் வெறுப்பே இல்லை, அதனாலும் நான் லாயக்கில்லை. சாட்சி மாறிவிட்டான், தீர்ப்பு மாறவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழி எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள் தெரியுமா? எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அதே விடைக்கு இழுத்து வருவார்கள். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்த விடையை முதலில் எழுதியது யார்? இது எனக்கு மிகவும் வினோதமாகப் பட்டது.

அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். மனநல டாக்டர், பெண். அடுத்த வாரம் போகிறேன்.

நான் எழுதியதிலேயே நீளமான கடிதம் இதுதான். பதில் போடு.

பத்து

மே 24

பதினொண்ணு,

ஏன் பதில் இல்லை? நீ அழகியில்லை என்று சொன்னதற்காகவா? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நான் உன்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். எல்லாக் கேள்வியும் நீ கேட்டது. நான் பதில் சொன்னேன், கோபப்பட்டேன், அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய்?

பத்து

ஜூன் 1

பத்து,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதி அதைக் கிழித்துப் போட்டேன்.

வேலைக்குப் போகவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. கால் தரையில் பட்டால் அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. மூட்டை அக்கா அறையில் இருக்கிறாள். அக்கா நான் சோம்பல் படுகிறேன் என்று நினைக்கிறாள். "சிரிச்சுக்கிட்டே ஏமாத்துறா" என்று மாமாவிடம் சொன்னது கேட்டது.

லாரிக்காரர் வந்துவிட்டுப் போனார். இனி வரமாட்டாராம். வேறு எங்கோ வீடு இருக்கிறதாம். அப்போதுகூட நான் ஜோக் அடித்தேன், பத்து. "வாடகை வீடா, சொந்த வீடா" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் போனபிறகு துணி மடித்தேன். வீட்டில் இருந்ததையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தேன். அப்புறம் மடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

உன்னிடம் "பசிக்குது போல" என்று எழுதினேன் இல்லையா. எனக்கு அப்படி எதுவும் வருவதில்லை. மூட்டை அழுதால் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோல இருக்கும். எழுந்து புட்டியைக் கொடுப்பேன், அதனால் எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். மற்றவர்களுக்கு என்ன வருகிறது என்று அதனால்தான் எல்லோரையும் கேட்டேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று.

நீ பதில் போடவேண்டாம்.

பதினொன்று

ஜூன் 4

பதினொண்ணு,

வேண்டாம் என்றால் விட்டுவிடும் ஆள் நானும் இல்லை.

இந்தக் கடிதத்தின் அடுத்த பத்தி உன் அக்காவுக்கு. எழுந்து நடந்து போய் அவரிடம் கொடு. அதற்குமேல் இன்றைக்கு உனக்கு வேலை இல்லை.

அக்கா, நான் இவளுடைய பக்கத்துக் கட்டில். என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனாலும் கேளுங்கள். இவள் சோம்பல் படவில்லை, ஏமாற்றவும் இல்லை. நான் நாள் முழுக்க அழுதேன், அதனால் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இவள் நாள் முழுக்கச் சிரித்தாள், அதனால் இவளை வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை, அதனால் டாக்டரிடம் கேளுங்கள். நாளைக்கே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், அங்கேயும் ஜோக் அடித்துவிட்டு மருந்து வாங்காமல் வந்துவிடுவாள்.

பதினொண்ணு, இனி உனக்கு. அந்த டாக்டர் அம்மா என்னிடம் நேராகக் கேட்டார். "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலில். ஆமாம், சில நாள் என்றேன். அவர் பதறவில்லை. அந்த வார்த்தை வெளியே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது, நானும் அவரும் அதைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவதுதானாம், சின்ன வயதில் இன்னும் அதிகமாம். எனக்கு மட்டும் வந்தது என்று எவ்வளவு பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

எது மேல் என்று கேட்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்து விழுந்தேன். நீ பார்க்காமலே நடந்து விழுந்தாய். பள்ளம் ஒன்றுதான்.

பத்து

ஜூன் 18

பத்து,

அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.  கட்டில் சின்னது, அவள் பெரியவள், நான் சுவரோடு ஒட்டிப்போனேன். அப்புறம், "வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேடி" என்றாள். "தொறந்துதானே வெச்சிருந்தேன், எந்நேரமும்" என்றேன். அதற்கு அவள் அழுதுவிட்டாள். நான் சொன்ன ஜோக்குக்கு அழுத முதல் ஆள்.

டாக்டரிடம் போனோம். அக்கா என் கையை விடவே இல்லை. நீ சொன்னதுபோல இரண்டு ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை, பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றாவது என்னிடம் இல்லை. அப்புறம்தான் பேசினேன்.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். வாய் உலர்கிறது. பிள்ளைமேல் பாசம் வருமா என்று கேட்டேன். "வரும், ஆனா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க" என்றார். சலவைக்கூடத்தில் என் இடத்தை மாமா பேசி நிறுத்தி வைத்திருக்கிறார். இப்போதைக்கு மூட்டையைக் குளிப்பாட்டுவது மட்டும் என் வேலை. தண்ணீரில் விட்டால் தவளை மாதிரி காலை உதைக்கிறாள். இதற்குமுன் உதைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. உதைத்திருப்பாள்.

போதும், என் கதை. மாதக் கடைசி வருகிறது. உன் பெரியம்மா வருவார்கள். நீ சரி என்று சொன்னது அவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து. அந்தக் காரணம்தான் போய்விட்டதே, அந்தச் சரி என்ன ஆகிறது? நான் எதுவும் சொல்ல வரவில்லை. நீ கொடுத்தாலும் எனக்கு நீ பத்துதான், கொடுக்காவிட்டாலும் பத்துதான். கேட்கத்தான் கேட்கிறேன்.

பதினொன்று

ஜூலை 1

பதினொண்ணு,

வந்தாள்.

நீ கேட்டதையே நான் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் அம்மாவிடமும் கேட்டேன். "உடம்பு சரியில்லாதப்போ வீடு விக்கக் கூடாது, பிள்ளையையும் கொடுக்கக் கூடாது. கொடுக்கறதும் வெச்சுக்கறதும் உன் இஷ்டம். ஆனா தேறுன அப்புறம் முடிவு பண்ணு" என்றார். சொல்வது சுலபம். பெரியம்மா ஒரு அறைக்கே வெள்ளையடித்து வைத்திருந்தாள். தொட்டில் வாங்கியிருந்தாள். பெரியப்பா ஜன்னலுக்கு வலை போட்டிருந்தார், பிள்ளையைக் கொசு கடிக்கக் கூடாது என்று.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா யாரையும் பார்க்கவில்லை. அப்பா வழக்கம்போல. பெரியம்மா பையிலிருந்து சின்னச் சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "பெரியம்மா, நான் சரின்னு சொன்னப்போ எனக்கு உடம்பு சரியில்ல. அந்தச் சரியை இப்போதைக்குத் திருப்பித் தாங்க."

அப்பா தலையைத் தூக்கி, "பெரியவங்க பேசி முடிச்சதை" என்று ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் அவர் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. பெரியம்மா அவரைக் கையமர்த்தினாள்.

என்னிடம் ஒன்று கேட்டாள். "உனக்கு அவன் வேணுமாடி?"

யாரும் அதைக் கேட்டதில்லை, பதினொண்ணு. வளர்க்க முடியுமா என்று கேட்டார்கள். படிப்பு என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்கள். நான்கூட என்னைக் கேட்டதில்லை. அவனுக்கு நான் வேண்டுமா என்றுதான் மாதக்கணக்கில் துருவிக்கொண்டிருந்தேன்.

வேண்டும் என்று சொல்லியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். வாய் வரவில்லை. அவள் மடியில் அந்தச் சட்டைகள் இருந்தன. பொய் சொல்லி அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கக் கூடாது என்று தோன்றியது.

"தெரியல பெரியம்மா," என்றேன். "ஆனா அவன் எப்படிப் பேசுவான்னு பாக்கணும் போல இருக்கு. எதுக்குக் கோபப்படுவான், எதுக்கு சிரிப்பான், எல்லாம் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சுக்க வேணாம்னு இருக்கு."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெரியம்மா கையை நீட்டினாள். அவனைக் கேட்டாள், கொடுத்தேன். முத்தம் கொடுக்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைகளை எடுத்துப் பையில் வைக்கப் போனாள். பாதியில் நிறுத்தி என் பக்கத்தில் வைத்தாள். "ஆறு மாசத்துக்கு மேல இதெல்லாம் பத்தாது. இப்பவே போடு," என்றாள்.

அப்பா பேருந்து நிறுத்தம் வரை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனார். பை லேசாக இருந்தது, நான் பார்த்தேன். கிளம்பும்போது பெரியம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எனக்குக் கொடுக்கறேன்னு சொன்னப்போ, உனக்கு அவன் வேணாம்னு நெனச்சேன். அப்படி நெனச்சாதான் எனக்கு வாங்க மனசு வந்துது," என்றாள். "தெரிஞ்சுக்கோ. தெரிஞ்சா எனக்கும் எழுதிப் போடு, அவன் எதுக்கு சிரிக்கிறான்னு."

அவள் போனபிறகு நான் அழுதேன். அம்மா ஓடி வந்து, "மறுபடி அந்த நெனப்பாடி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பெரியம்மாவுக்காக அழுகிறேன் என்றேன். அம்மா நம்பவில்லை. எனக்கே கொஞ்ச நேரம் சந்தேகமாகத்தான் இருந்தது, அடுத்தவருக்காக அழுது எவ்வளவோ நாளாகியிருந்தது.

பத்து